“தெரியாது” என்று சொல்லலாமே!

நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை எங்கள் குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கு ஆலை நிருவாகம் எடுத்திருந்த குழுக் காப்பீடு துணை நின்றது. ஓய்வு பெற்ற நாளன்று பொன்னாடை வந்தது, காப்பீடு போயிற்று. அதன் அருமை சில மாதங்கள் வரை எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு குடும்பத் தலைவர் இருதய சிகிச்சைக்காக மதுரையில் பன்னிரண்டு நாள் தங்கித் திரும்பினார். அவர் திரும்பியபோது, மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்த மனை அவர்களுடையதாக இல்லை. அன்று இரவு நானும் என் மனைவியும் வெகு நேரம் உறங்கவில்லை.

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். “என் தங்கை மகன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். நீங்கள் எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள்? அவனிடமே எடுங்களேன்” என்றார். தெரிந்த பிள்ளை, நல்ல குடும்பம், மறுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. வரச் சொன்னேன்.

மறுநாள் மாலை அந்த இளைஞன் வந்தான். தேய்த்த சட்டை, கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டை, கையில் பளபளப்பான வண்ணத்தாள் ஒன்று. அதில் வெண்ணிற முடியுடன் ஒரு தம்பதியர் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து இலட்ச ரூபாய்க்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 47,200 என்றான். ஓய்வு பெற்றவனுக்கு அது சிறிய தொகையன்று. ஆகவே கேள்விகளைத் தொடங்கினேன்.

“தம்பி, எந்த நாளிலிருந்து எங்களுக்குப் பாதுகாப்பு?”

“முதல் நாளிலிருந்தே எல்லாம் கிடைக்கும், சார்.”

விபத்து நீங்கலாக ஏனைய நோய்களுக்கு முதல் 30 நாள் பொதுவாக ஒன்றும் கிடைக்காது என்பதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். அடுத்து, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் இருக்காது, சார்” என்றான். நோயாளியும் செலவில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வண்ணத்தாளின் முன்பக்கத்தைப் பார்த்தான், பின்பக்கத்தைப் பார்த்தான். “பார்த்துச் சொல்கிறேன், சார்” என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். அவனோ, “வேண்டியதில்லை, சார்” என்றான். திண்டுக்கல்லில் எந்தெந்த மருத்துவமனைகளில் பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம் என்று கேட்டேன். “எல்லா இடத்திலும்” என்றான்.

அதற்குள் என் கண் அவன் கொண்டுவந்திருந்த கட்டண விவரத்தில் விழுந்தது. ரூ. 40,000 கட்டணம், அதன் மேல் 18 விழுக்காடு வரி ரூ. 7,200. தனிநபரும் குடும்பமும் எடுக்கும் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. நாளிதழ்களில் முதற்பக்கச் செய்தியாக வந்த ஒன்று. விற்க வந்தவனுக்கு அது தெரியவில்லை!

வாசக அன்பர்களே, இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியபோது எனக்கு உள்ளூர ஓர் இன்பம் இருந்தது. கணக்கன் ஒருவனிடம் கணக்கில் தவறிவிட்டானே என்னும் இன்பம். அவன் முகம் சிவந்தது. தன் மேலதிகாரியைக் கைப்பேசியில் அழைத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினான். “40,000 போதும், சார். பழைய விவரத்தைக் கொடுத்துவிட்டார்கள்” என்றான். நான் விடவில்லை. விடை தெரியாது என்று தெரிந்தே மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். காப்பி கொண்டுவந்த என் மனைவி, அவன் கை நடுங்குவதைக் கண்டு, “போதும், விடுங்கள். பிள்ளை பயந்துவிட்டான்” என்றாள்.

அதன் பின் என் கோபம் இரக்கமாயிற்று, இரக்கம் அலட்சியமாயிற்று. அவன் தன் கையடக்கக் கணினியில் எங்கள் விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினான். என் மனைவிக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு என்று சொன்னேன். தலையாட்டினான். என் கைப்பேசிக்கு ஓ.டி.பி. எண் வந்தது. வாசித்துச் சொன்னேன். அவ்வளவுதான், கையெழுத்து முடிந்துவிட்டது. ரூ. 7,200ஐக் காப்பாற்றிவிட்ட பெருமையில், ரூ. 40,000 கொடுத்து எதை வாங்குகிறேன் என்று பார்க்க மறந்தேன்.

நான்கு நாள்களில் காப்பீட்டு ஆவணம் வந்து சேர்ந்தது. அச்செடுத்து, சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தேன். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு ரூ. 5,000 வரம்பு இருந்தது. வாடகையில் மட்டுந்தானே குறையும் என்று எண்ணிவிடலாகாது. நாம் ரூ. 10,000 வாடகையுள்ள அறையில் தங்கினால், நமக்குரிய அறையைப் போல் இரு மடங்கு எடுத்துக்கொண்டோம் என்று கணக்கிட்டு, மருந்து, பரிசோதனை போன்றவை நீங்கலாக, மருத்துவர் கட்டணம் முதலிய செலவுகளையும் அதே விகிதத்தில் பாதியாக்கிவிடுவார்கள். அறுவைக்கென ரூ. 80,000 ஆகியிருந்தால் வருவது ரூ. 40,000. நம் பங்கு 20 விழுக்காடு என்றும் எழுதியிருந்தது. “வேண்டியதில்லை, சார்” என்ற குரல் காதில் ஒலித்தது.

கடைசிப் பக்கங்களில் எங்கள் விண்ணப்பத்தின் படி இருந்தது. அதில், என் மனைவியின் பெயருக்கு நேரே, “சர்க்கரை நோய் உண்டா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று பதில்!

உடனே அவனை அழைத்தேன். என்ன பேசினேன் என்பதை இங்கு எழுத எனக்கு விருப்பமில்லை. அவன் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “சர்க்கரை என்று போட்டால் பரிசோதனை, தாமதம் எல்லாம் வரும், மாதக் கணக்கில் சேராது என்று மேலே சொன்னார்கள், சார். எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறோம்” என்றான். பின்னும் தயங்கி, “எனக்கு நான்கு நாள் பயிற்சிதான் கொடுத்தார்கள்” என்றான்.

இதன் பின்தான் உண்மையான சோதனை வந்தது. அண்டை வீட்டார் ஒருவர், “விட்டுவிடுங்கள்! நீங்களா எழுதினீர்கள்? 60 மாதம் தாண்டிவிட்டால் அவர்கள் ஒன்றும் கேட்க முடியாது” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தொடர்ந்து 60 மாதங்கள் காப்பீடு இருந்த பின், மோசடி என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, விவரத்தை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது என்பது விதி. ஆனால் அந்த 60 மாதத்திற்குள் நோய் வந்தால்? தெரிந்தே மறைத்தது மோசடி அல்லாமல் வேறென்ன? இருப்பினும் நான் இரண்டு நாள் ஊசலாடினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் கட்டணம் கூடும். காத்திருப்புக் காலம் வரும். ஒருவேளை மறுத்தும் விடலாம். பொய்யோ ஏற்கெனவே வேறொருவன் கையால் எழுதப்பட்டு, அழகாக அச்சாகி, என் மேசைமேல் இருந்தது. நான் சும்மா இருந்தாலே போதும்.

மூன்றாம் நாள் காலை, என் மனைவி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தபடி கேட்டாள்: “இல்லை என்று எழுதிவிட்டால் என் நோய் போய்விடுமா?” அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. ஆயினும் நாளை அவள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, அவளுக்கு எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை என்று மருத்துவர் கேட்டால், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன பதில் சொல்வேன் என்று எண்ணினேன். அன்றே ஆவணத்தைத் திருப்பியனுப்பக் கடிதம் எழுதினேன்.

ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், விதிகள் நமக்கு ஒவ்வாதவையாயின் அதைத் திருப்பிவிடும் உரிமை நமக்கு உண்டு. முன்பு இது 15 நாளாக இருந்தது. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 30 நாளாக உயர்த்தியது. காப்பீடு நடப்பில் இருந்த நாள்களுக்குரிய தொகை, முத்திரைக் கட்டணம், பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். எனக்கும் சில நூறு ரூபாய் குறைவாகப் பணம் திரும்ப வந்தது.

இனி அந்த இளைஞன் எங்கள் வாசலை மிதிக்கமாட்டான் என்றே நினைத்தேன். ஆனால் ஒரு மாலை வந்தான். இம்முறை வண்ணத்தாள் இல்லை. “என்னால்தானே, சார்” என்று மட்டும் சொல்லி நின்றான். அப்போது எனக்கு என் இருபத்தாறாம் வயது நினைவுக்கு வந்தது. ஆலையில் சேர்ந்த புதிதில், பஞ்சுக் கொள்முதல் பேரேட்டில் ஒரு பக்கத் தொகையை இரு முறை ஏற்றிவிட்டு, தலைமைக் கணக்கர் கேட்டபோது “சரியாகத்தான் இருக்கிறது, ஐயா” என்று சாதித்தவன் நான். தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னையே மீண்டும் கூட்ட வைத்தார்.

நானும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நிறுவனத்தின் முழு விதித் தொகுப்பையும் இருவரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் படித்தோம். என் கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, “இவற்றுக்கு வாயால் பதில் வேண்டாம், தம்பி. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் கொண்டு வா. தெரியாததைத் தெரியாது என்று எழுது” என்றேன். ஐந்தாம் நாள் கொண்டுவந்தான். பதினொரு கேள்விகளில் ஒன்பதுக்கு விதியின் எண்ணுடன் பதில் இருந்தது. இரண்டுக்கு நேரே “தெரியவில்லை, கேட்டிருக்கிறேன்” என்று எழுதியிருந்தான். ஒன்பது பதில்களைவிட அந்த இரண்டுமே எனக்கு அவன்மேல் நம்பிக்கையைத் தந்தன.

என் மனைவிக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது. அறை வாடகை வரம்பில்லாத வேறொரு திட்டத்தில், சர்க்கரை நோய்க்கெனக் கூடுதல் கட்டணமும் சேர்த்து, ரூ. 52,500 ஆயிற்று. முன்பு கட்டியதைவிட ரூ. 12,500 அதிகம். அவளுக்கு ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு மேல் காத்திருக்கச் சொல்ல முடியாது. நம் பங்கு 20 விழுக்காடு என்பது இதிலும் மாறவில்லை. ஆகவே எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை. இப்போது இரவில் உறங்குகிறோம்.

அந்த இளைஞன் சில வாரங்களில் அந்த வேலையை விட்டுவிட்டான். கோயம்புத்தூரில் வேறு வேலையாம். அவன் மாமா சொன்னார். ஆக, அவனை நம்பி எடுத்த காப்பீட்டுக்கு இன்று அவன் இல்லை. தாள் மட்டுமே இருக்கிறது. விற்பவர் வருவார், போவார். நாளை மருத்துவமனை வாசலில் நமக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான்.

ஆகவே அன்பர்களே, காப்பீடு எடுக்கப்போகும் குடும்பங்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வருபவர் தெரிந்தவரின் பிள்ளையாயினும், கேள்விகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, நம் பங்கு, நம் ஊர் மருத்துவமனை ஆகிய நான்கையும் தவறாமல் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். முக்கிய விதிகளைச் சுருக்கித் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். நிரப்பிய விண்ணப்பத்தை முழுதும் படிக்காமல் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள், இக்காலத்தில் அதுவே நம் கையெழுத்து. நிறுவனத்திடம் முறையிட்டும் 30 நாளில் நியாயம் கிடைக்கவில்லையெனில், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கு முறையிடக் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கும் இளைஞனை மடக்கி மகிழ்வது எளிது. அதனால் நமக்கும் பயனில்லை, அவனுக்கும் பயனில்லை. அவன் தவறை ஏற்கவும் வேண்டாம். அவனை எள்ளவும் வேண்டாம். “தெரியாது” என்று சொல்லும் துணிவை அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளையும் இந்நேரம் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில், கையில் வண்ணத்தாளுடன், நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.