ஓடந்துறையின் காத்தாடி

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சாலையில் டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். பவானிப் பாலம் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறியது. இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள். எதிரே நீலகிரி, வழியை மறித்தாற்போல். ஓடந்துறை ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை இருக்கிறது என்று எப்போதோ படித்தது மனதில் கிடந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு திசையும் பார்த்தேன். தென்னை, பாக்கு, வாழை, மலை. காற்றாலையைக் காணோம்.

டீக்கடையில் விசாரித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தாமலே சொன்னார்:

"காத்தாடி நம்முளுதுதானுங்க. ஆனா இங்க இல்லீங்க. உடுமலைக்கு அந்தாண்ட மைவாடியில நிக்குது. இந்த மலையடிவாரத்துல அதைச் சுத்த வெக்க காத்து ஏதுங்க?"

ஒரு ஊர் தன் காற்றாலையை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நட்டு வைத்திருக்கிறது. காற்று தங்கள் ஊருக்கு வராது என்று தெரிந்ததும் காற்று இருக்கும் ஊருக்கு இவர்கள் போயிருக்கிறார்கள். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் மைவாடிக்கும் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு முன் ஊருக்குள் நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் குழாயின் கீழே சில்வர் குடம் நிறைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு குடங்கள் காத்திருந்தன. பவானி தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. ஓடந்துறையின் மின்சாரக் கதை உண்மையில் இந்தக் குழாயில்தான் தொடங்குகிறது. 1996-இல் ஆர். சண்முகம் ஊராட்சித் தலைவராக வந்தபோது ஊராட்சியின் மின்கட்டணம் மாதம் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. குடிநீர்த் திட்டம் வந்தது, மோட்டார்கள் ஓடின, தெருவிளக்குகள் கூடின. கட்டணம் 50,000 ரூபாயைத் தொட்டது. நல்லது செய்யச் செய்யக் கட்டணச் சீட்டு கனத்துக்கொண்டே போயிற்று. ஒரு ஊராட்சியின் வரவு எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் பாரம் புரியும்.

மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்திருக்கலாம். தெருவிளக்கை ஒன்றுவிட்டு ஒன்று அணைத்திருக்கலாம். பல ஊர்களில் அதுதான் நடக்கிறது, அதற்குச் சிக்கனம் என்று பெயரும் வைத்துவிடுகிறோம். ஓடந்துறை அந்த வழியில் போகவில்லை. முதலில் இரண்டு குடியிருப்புகளில் சூரியசக்தித் தெருவிளக்குகள் வந்தன. பிறகு 2003-இல், குடிநீர் மோட்டாரை ஓட்ட 9 கிலோவாட் கேஸிஃபையர் ஒன்றை வைத்தார்கள். மர அறுவை மில்களில் மிஞ்சும் கழிவுக் கட்டைகளைக் காற்று போதாமல் எரித்தால் அவை முழுதாக எரியாமல், எரியக்கூடிய வாயுவாகின்றன. அந்த வாயுவைக் குளிர்வித்து, தூசு நீக்கி எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீர் இறைக்கும் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் கேஸிஃபையருக்கு நாள்தோறும் கட்டை வாங்கிப் போட வேண்டும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். காற்றுக்கு அந்தச் செலவு கிடையாது.

மறுநாள் காலை கோவை உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறினேன். ஆடி மாதம். பொள்ளாச்சி தாண்டிக் கோமங்கலம் பக்கம் வந்ததும் ஜன்னல் வழியே அடித்த காற்றில் கையிலிருந்த பயணச்சீட்டு பறந்துவிடும்போல் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை இடையில் விட்டிருக்கும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, இந்தச் சமவெளியில் வேகமாக விரிகிறது. சாலையின் இருபுறமும் சோளக்காட்டிலும் தென்னந்தோப்புக்கு மேலும் வெள்ளை இறக்கைகள் சுழன்றுகொண்டிருந்தன. மே முதல் செப்டம்பர் வரை இவற்றுக்கு ஓய்வில்லை.

மைவாடியில் இறங்கி விசாரித்து நடந்தேன். ஒன்றைப்போல் ஒன்று நிற்கும் காத்தாடிகளில் ஓடந்துறையின் காத்தாடி எது என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் கோலை நீட்டி ஒன்றைக் காட்டினார். "அதாத்தான் இருக்கோணுமுங்க தம்பி. பஞ்சாயத்துக்காரங்க காத்தாடின்னு ஒண்ணு இருக்குதுன்னு சொல்லுவாங்க."

அடியில் போய் நின்றேன். தலைக்கு மேல் ஒவ்வொரு இறக்கையும் கீழே வரும்போது துணியை உதறுவது போன்ற ஒரு சத்தம், பிறகு சிறு இடைவெளி, மறுபடி அதே சத்தம். அந்த வெட்டவெளியில் நிழல் என்று இருந்தது கோபுரத்தின் நிழல் ஒன்றுதான். நீளமாக, ஒடுக்கமாக விழுந்திருந்த அந்த நிழலுக்குள் ஏழெட்டு ஆடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நிழல் நகர நகர, ஓரத்து ஆடு எழுந்து போய் மறுபக்கம் படுத்துக்கொண்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது 350 கிலோவாட் காற்றாலை. இன்றைய பெரிய காற்றாலைகளோடு ஒப்பிட்டால் சின்னதுதான். 2006-இல் 1 கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு ஓடந்துறை இதை வாங்கியது. விலையில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். நாட்டிலேயே ஒரு கிராம ஊராட்சி சொந்தமாகக் காற்றாலை வைத்தது அதுதான் முதல் முறை என்கிறார்கள். ஆனால் அந்தப் பெருமையைவிட அந்த 40 லட்சம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டு வரியும் தண்ணீர் வரியும் ஒழுங்காக வந்து, வந்த பணம் சிந்தாமல் சேர்ந்தால் ஒழிய ஒரு கிராம ஊராட்சியின் கையில் அவ்வளவு மிஞ்சாது. நேர்மையாக எழுதிய ஒரு கணக்குப் புத்தகத்தின் மேல்தான் இந்தக் கோபுரம் நிற்கிறது.

350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க முழு வேகத்தில் சுற்றினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். கிடைப்பது ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட். நாலில் ஒரு பங்குகூட இல்லை. காற்று தன் இஷ்டத்துக்கு வரும், ஐப்பசிக்கு மேல் இறக்கைகள் சோம்பிவிடும். இதைச் சொல்லிக் காற்றாலையைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஓடந்துறையின் தேவையோ ஆண்டுக்கு சுமார் 4.5 லட்சம் யூனிட். பருவக்காற்று தந்ததிலேயே தேவை தீர்ந்து, இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. மைவாடியில் பிறக்கும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகளில் கலக்கிறது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் ரூபாய் ஊராட்சிக்கு வந்தது. வங்கிக் கடன் அந்த வருமானத்திலேயே அடைந்தது.

முதல்வரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டம் 2011-இல் வந்தபோதும் ஓடந்துறை முந்திக்கொண்டது. 300 சதுர அடி வீடு, சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். அரசுத் திட்டங்களின் கீழ் அங்கே 850 வீடுகள் கட்டப்பட்டன. சொந்த வீடில்லாமல் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பார்க்கிறேன். கூரை கிடைத்த அன்றே விளக்கும் கிடைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. எல்லா ஊராலும் காற்றாலை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். சில ஊர்களுக்குப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் போதும். சில ஊர்களுக்குப் பழைய மோட்டாரை மாற்றினாலே போதும். ஆனால் என்ன வேண்டும் என்று தெரிய, முதலில் தங்கள் ஊராட்சியின் மின்கட்டணச் சீட்டை ஊரார் பார்த்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தயவுசெய்து போங்கள். எழுந்து நின்று, நம் ஊராட்சி மாதம் எவ்வளவு கரண்ட் பில் கட்டுகிறது என்று கேளுங்கள்.