தறிக்குழியிலிருந்து தீவுக் கரைக்கு

நம் பங்கு இல்லத்தின் சன்னலைத் திறந்தால் முதலில் காதில் விழுவது தறியோசையே. ஆரணியில் குடியேறி ஏழாண்டுகள் ஆகியும் அவ்வோசை நமக்குப் பழகிப் போகவில்லை. ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து நாம் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், பங்கைச் சேர்ந்த நெசவாளி ஒருவர் வாசலில் வந்து நின்றார். அறுபதை நெருங்கியவர். கையில் நான்காய் மடித்த ஒரு தாள்.

"சாமி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்ல வேண்டும். பையன் அனுப்பியிருக்கிறான்" என்றார்.

தாளை விரித்தோம். மாலைத்தீவில் ஓர் உல்லாச விடுதி, கடல் நீரின்மேல் கட்டிய குடில்கள், நான்கு இரவுகள், பெற்றோர், மகன், மருமகள், நான்கு வயதுப் பேரன் ஆக ஐந்து பேர். பெற்றோரின் முப்பத்தைந்தாவது மணநாளை அங்கே கொண்டாட வேண்டும் என்பது சென்னையில் கணிப்பொறி வேலை பார்க்கும் மகனின் ஆசை. அடியில் குறித்திருந்த தொகை ஆறு இலட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன்.

பெரியவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்: "நானும் அவளும் சேர்ந்து மூன்று வருடம் நெய்தால் வருகிற கூலி சாமி இது. வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பையன் கேட்டுக்கொள்வான்."

அன்பர்களே, அந்த ஒரு வார்த்தையை உதிர்ப்பது நமக்கு மிக எளிது. முன்பு ஒருமுறை உதிர்த்தும் இருக்கிறோம். அதனால்தான் அன்று நா எழவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் பணியாற்றினோம். அங்கே ஓர் ஆசிரியரும் அவர் துணைவியாரும் இருந்தார்கள், பிள்ளைப்பேறு இல்லை. அந்த அம்மையாரின் தந்தை இளமையில் அந்தமானில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களைப் படித்தே வளர்ந்த அம்மையாருக்கு, அந்தத் தீவை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்பது வாழ்நாள் ஆவல். பல ஆண்டு சேமித்து, பயணச்சீட்டு வாங்கும் முன் ஆசி கேட்டு இருவரும் வந்தார்கள். அப்போது கோயில் மணிக்கூண்டு பாதியில் நின்றிருந்தது. "இந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டே" என்று நாம் சிரித்துக்கொண்டே மணிக்கூண்டைக் காட்டினோம். மறுவாரம் ஓர் உறையில் அத்தனையும் வந்து சேர்ந்தது. இருவரும் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை.

அடுத்த ஆண்டு அந்த அம்மையார் புற்றுநோயால் இறந்தார். கல்லறையில் மண் இட்டுத் திரும்புகையில் ஆசிரியர் நம் அருகில் வந்து, "கடைசி வாரமும் அப்பா எழுதிய கடிதங்களைத்தான் படிக்கச் சொன்னாள் சாமி" என்றார். குறை கூறும் குரலன்று அது. அதனாலேயே இன்றுவரை நம்மை உறுத்துகிறது. நம் சொல்லால் எழுந்த மணிக்கூண்டு நன்றாகவே நிற்கிறது. அதை நிமிர்ந்து பார்க்கத்தான் நமக்கு மனம் வரவில்லை.

ஆடம்பரத்தைப் பழித்து நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். ஆனால் ஆரணியில் நின்றுகொண்டு அச்சொல்லை வீசுவது அவ்வளவு எளிதன்று. இவ்வூர் மக்கள் உண்ணும் சோறு, பிறர் வீட்டு மங்கல நாளின் ஆடம்பரத்திலிருந்து வருவது. சரிகை மின்னும் புடவை இல்லாமலும் திருமணம் நடக்கும். ஆயினும் தன் வாழ்வில் ஒருநாள் பட்டுடுத்த விரும்பும் பெண்ணை நாம் பாவி என்பதில்லை. கானாவூர் மணவீட்டில் ஆண்டவர் பெருக்கித் தந்ததும் தண்ணீரை அன்றே! பிறருக்காக முப்பத்தைந்து ஆண்டுகள் பட்டு நெய்தவரும், ராட்டையில் அவருக்கு ஊடை சுற்றித் தந்தவரும் நான்கு நாள் மகிழ்ந்திருக்க ஆசைப்பட்டால் அதை எந்த வாயால் தடுப்பது?

எனினும் கடன் என்ற சொல் முள்ளாய்க் குத்தியது. ஆகவே, "ஐயா, வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பையனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்" என்று கூறி அனுப்பினோம். பிறகு, பயண நிறுவனங்களின் தாள்களையும் விவரம் அறிந்தவர்களையும் தேடி நாமே படிக்கத் தொடங்கினோம். அப்படி அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்வது பயன்தரும்.

மாலைத்தீவு சற்றேறக்குறைய 1,190 பவளத் தீவுகளின் கூட்டம். குடிமக்கள் வாழ்வது ஏறத்தாழ இருநூறு தீவுகளில். 1972ஆம் ஆண்டு குரும்பா என்ற தீவில் முதல் உல்லாச விடுதி எழுந்தது. அதன்பின், ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் அந்நாடு தன் செல்வத்தைப் பெருக்கிக்கொண்டது. முறை அழகானதுதான். ஆனால் கரையேறியபின் உணவு, தண்ணீர், படகு யாவும் அந்த ஒரே விடுதியிடம் டாலர் விலையில் வாங்க வேண்டியவை. மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குச் செல்லும் விசைப்படகுக்கோ கடல்விமானத்துக்கோ பெரும்பாலும் தனிக் கட்டணம். கடல்விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்குவோர் ஓர் இரவு மாலேயில் தங்க நேரும். இவற்றின்மேல் பணிக்கட்டணம், சுற்றுலா வரி, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு எனப் பசுமை வரி. பையன் கொண்டுவந்த தாளை வரிவரியாகப் பார்த்தபோது, கடல்விமானமும் வரிகளும் அந்த ஆறு இலட்சத்தில் அடங்கவில்லை என்பது தெரிந்தது. ஆகவே, தொகையைக் கேட்கும்போதே "எல்லாம் சேர்த்தா?" என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று. நீர்மேல் குடில் புதுமணத் தம்பதிக்குச் சுவர்க்கமாக இருக்கலாம். நான்கு வயதுப் பிள்ளையுடையோர்க்கு ஓயாத அச்சம். வாசற்படியின் கீழே ஆழம். சிறு குழந்தைகளை அக்குடில்களில் தங்க விடாத விடுதிகள் உண்டு. பெரியவர்களுக்கு மட்டுமேயான தீவுகளும் உண்டு. தறிக்குழியில் கால் தொங்கவிட்டு மிதித்தே முழங்கால் தேய்ந்த தாத்தாவுக்கு ஏணியில் இறங்கிக் குளிக்கும் கடல் எதற்கு? மேலும், வேற்றுச் சமய வழிபாட்டை வெளிப்படையாக நடத்த அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. மணநாளில் ஒரு திருப்பலி காணவேண்டும் என்பது அந்தத் தாயின் ஒரே வேண்டுகோளாக இருந்தது.

இலட்சத்தீவையும் ஆராய்ந்தோம். மக்கள் வாழும் தீவுகள் பத்து. அழகில் மாலைத்தீவுக்கு இளைத்தவை அல்ல. ஆனால் இந்தியர்க்கும் நுழைவு அனுமதி வேண்டும். பெரும்பாலும் கொச்சியிலிருந்து கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டும். தங்கும் இடங்கள் சில.

கடைசியில் விரல் வந்து நின்ற இடம் அந்தமான். கடவுச்சீட்டு வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. ஹேவ்லாக் தீவு 2018 முதல் ஸ்வராஜ் தீவு. அத்தீவின் ராதாநகர் கடற்கரையை 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை எனப் போற்றியது. நகரெங்கும் தமிழ் பேசுவோர் உண்டு. 1984இல் தனி மறைமாவட்டமான அவ்வூரில் கடலின் விண்மீனாம் அன்னையின் பெயரால் பேராலயமும் உண்டு. தாயின் முகம் மலர்ந்தது.

மறுகணமே, "சுனாமி வந்த ஊராயிற்றே சாமி!" என்றார். அவர் அச்சம் பொய்யன்று. 2004 டிசம்பர் 26இல் அத்தீவுகள் பட்ட துயரம் பெரிது. அன்று முன்னெச்சரிக்கை என்பதே இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் இரவுபகலாக இயங்குகிறது என்று எடுத்துச் சொன்னோம்.

அடுத்து, எப்போது செல்வது? ஆடியில் முகூர்த்தம் இல்லை, தறியும் ஓய்ந்திருக்கும் என்றார் பெரியவர். ஆனால் ஆடி, ஆவணியில் அந்தக் கடல் பருவமழையால் கொந்தளிக்கும். தீவுக்குத் தீவு செல்லும் படகுகள் நின்றுபோகும். கிறிஸ்து பிறப்பு விடுமுறையிலோ விலை உச்சம். முடிவில், தை முகூர்த்தப் புடவைகளை ஒப்படைத்து, ஏற்றிய பாவு முடிந்து, அடுத்த பாவு ஏற்றுமுன், தவக்காலத்துக்கும் முன்பாக என்று நாள் குறித்தோம். பாதிப் பாவைத் தறியில் விட்டுச் சென்றால் உடல் தீவிலும் மனம் ஆரணியிலும் இருக்கும் என்று அந்த அம்மையார் சொன்னது நமக்கும் பாடமாயிற்று.

ஐந்து இரவுகளில் இரண்டை மட்டும் ஸ்வராஜ் தீவில், மணலில் கால் வைத்ததும் கடல் தெரியும் நல்ல விடுதியில் வைத்தோம். மூன்றைத் தலைநகரில் எளிய விடுதியில். முதியோர் மூழ்காமலே பவளப்பாறை காண, கண்ணாடி அடித்தளம் வைத்த படகு. செல்லுலார் சிறைக்கு ஒரு மாலை. அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாயத் தொடங்குவதால் எதையும் காலையிலேயே தொடங்கும்படி ஏற்பாடு. ஒரு மாலை தாத்தாவும் பாட்டியும் பேரனைப் பார்த்துக்கொள்ள, இளையவர் இருவரும் தனியே உலாவ வேண்டும்; மறுமாலை முதியவர் இருவரையும் தனியே விட வேண்டும். இது மருமகளின் யோசனை. திட்டம் முழுவதிலும் சிறந்த பகுதி இதுவே என்பது நம் எண்ணம். குடும்பமாகச் செல்வோர் தம்பதியர் என்பதை மறந்துவிடுகிறோம் அல்லவா?

மொத்தச் செலவு முதல் தாளில் கண்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மகனின் சேமிப்பு அதற்குப் போதுமாயிருந்தது. கடன் தாள் கிழிக்கப்பட்டது.

சென்று வந்தார்கள். சிப்பியோ பவளமோ எடுத்துவரச் சட்டம் இடம் தராததால் வெறுங்கையோடு வந்ததாகச் சொல்லிக்கொண்டே அந்த அம்மையார் பங்கு இல்லத்துக்கு வந்தார். "எப்படி அம்மா இருந்தது?" என்றோம். வெகுநேரம் சொல் தேடினார்.

"மயில்கழுத்து நிறம் சாமி. பாவு பச்சை, ஊடை நீலம் போட்டால் வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று தெரியுமே, அப்படி. இத்தனை வருடம் ஊடை சுற்றினேன். அந்த நிறம் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். இவர் பேசவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்."

அவர் சென்றபின் நாம் மேசையில் அமர்ந்து, முந்தைய பங்கின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினோம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்கும் கடிதம் அது. பத்து நாளில் பதில் வந்தது. வருத்தம் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, மாமனாரின் கடிதங்களை எடுத்துக்கொண்டு வரும் மாசியில் தாம் அந்தமான் செல்ல எண்ணியிருப்பதாகவும், படகு, விடுதி பற்றிய விவரங்களை அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தார்.

அன்றிரவே அனைத்தையும் எழுதி அனுப்பினோம்.