கழுத்தெலும்பு

எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் ஒரு பார்பிக்யூ உணவகம் இருக்கிறது. வாசலிலேயே கரியடுப்பு. கோழியைப் பிளந்து தட்டையாக்கி, மசாலா தடவி, இரட்டைக் கம்பிவலைக்குள் பூட்டித் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். கொழுப்பு சொட்டும்போதெல்லாம் கரியிலிருந்து புகை எழுந்து கறியில் ஏறுகிறது. பலகையில் ‘அல்ஃபஹாம்’ என்று எழுதியிருக்கும்; அரபியில் அதற்குக் கரி என்று பொருள். அடுப்பருகே நிற்பவர்கள் எல்லோரும் ஆண்கள். வீட்டில் பெண்ணுக்கென்று விடப்பட்ட அடுப்பு, கூலி கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் ஆணுடையதாகிவிடுகிறது.

சென்ற மாதம் கண் பரிசோதனை முடிந்து திரும்பும் வழியில் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். எழுபதைக் கடந்த அம்மா கடையில் உட்கார்ந்து கறி சாப்பிடுவது அதுதான் முதல் முறை. முழுக்கோழி ஒன்று சொன்னேன். நான்கு துண்டுகளாக வந்தது, குபூஸோடும் மயோனைஸோடும்.

“கழுத்து இல்லையா தம்பி?” என்று பரிமாறிய பையனிடம் கேட்டாள் அம்மா.

“கழுத்தெல்லாம் வராதும்மா.”

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கால்கள் அப்பாவுக்கும் தம்பிக்கும். ஈரல் எனக்கு. கடைசியில் சட்டியைத் துடைத்துச் சோறு பிசையும் அம்மாவுக்குக் கழுத்தும் முதுகெலும்பும். “எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்” என்பாள். நாற்பது வயதுவரை அதை நம்பினேன்.

புறநானூற்றின் 235ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். இறந்துபோன அதியமானை நினைத்து ஔவை பாடிய கையறுநிலை. கள் கொஞ்சமாக இருந்தால் அதைத் தங்களுக்கே தந்துவிடுவான் என்கிறாள். எலும்போடு கூடிய தசையையும் அப்படியே தருவான் என்கிறாள். மாணவிகள் கள்ளைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் கறியில் நின்றுவிடுவேன். தனக்கு வந்த நல்ல துண்டை ஒரு பெண் ஊரறியச் சொல்கிறாள். கூச்சமே இல்லை.

அம்மா ஒரு காலை என் தட்டில் வைத்தாள். இன்னொன்றைக் காட்டி, “இதப் பார்சல் கட்டச் சொல்லு. தம்பி சாப்பிடுவான்” என்றாள். தம்பிக்கு வயது நாற்பத்திரண்டு.

“அவனுக்குத் தனியா வாங்கிக்கலாம்மா. இது உன்னோடது.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் எடுத்து எலும்புவரை சாப்பிட்டாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கழுத்து ருசி வராது” என்றாள்.

அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஐம்பது ஆண்டுகள் மிச்சத்தைத் தின்றவள் அதிலும் ஒரு ருசியைக் கண்டெடுத்திருக்கிறாள். அது அவள் சம்பாத்தியம். ஆனால் ஒன்றே ஒன்று கிடைத்து அதைப் பிடிக்கும் என்பது வேறு. இரண்டையும் தின்று பார்த்துச் சொல்வது வேறு. அன்றுதான் அம்மா இரண்டாவது விதமாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு என் வீட்டில் கோழிக் குழம்பு. பழக்கத்தில் கரண்டி முதல் காலோடு மகன் தட்டுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, “யாருக்கு எது வேணும்?” என்று கேட்டேன்.

மகள்தான் முதலில் தட்டை நீட்டினாள்.