மூச்சு வாங்குது ஸார்!

"லேவுக்கு சைக்கிளில் போகப்போகிறேன்" என்று அறிவித்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்:

"ஏன், பஸ் ஸ்டிரைக்கா?"

நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். லீவ் லெட்டர் எழுத வேண்டியதில்லை (லீவு நாளுக்குச் சம்பளமும் இல்லை என்பது வேறு விஷயம்!). 2019 செப்டம்பர் ஆரம்பத்தில் மணாலியில் இறங்கி, அட்டைப் பெட்டியிலிருந்து சைக்கிளை எடுத்து மாட்டினேன். அங்கிருந்து லே சுமார் 475 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னை - மதுரை தூரம்தான். என்ன, நடுவில் ஐந்து கணவாய்கள். கடைசிக் கணவாயான தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேலே. நம்ம தொட்டபெட்டா மேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் அதை எட்டாது!

முதல் கணவாய் ரோதாங், 3,978 மீட்டர். இரண்டு நாள் நாக்குத் தள்ளியது. அந்த மலையைக் குடைந்து 9 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை போட்டுத் திறந்தார்கள்... 2020 அக்டோபரில். நான் ஒரு வருஷம் முந்திவிட்டேன். என் டைமிங் எப்போதும் அப்படித்தான்.

தண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று போர்டு. "நானென்ன பெட்ரோலா குடிக்கிறேன்?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு நாலே நாள்தான் நீடித்தது.

தப்பு கேலாங்கில் ஆரம்பித்தது. 3,000 மீட்டரைத் தாண்டினால், ராத்திரி படுக்கிற இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலைக்காரர்களின் விதி. கேலாங் 3,080 மீட்டர். அங்கே ஒரு நாள், ஜிஸ்பாவில் ஒரு நாள் என்று ஓய்வெடுத்திருக்க வேண்டும். ஆனால், லேயிலிருந்து திரும்புவதற்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டிருந்தேன். ஒன்பதாயிரம் ரூபாய். கேன்சல் செய்தால் கால் காசு திரும்பாது. எனவே ஒரே நாளில் ஜிங்ஜிங்பார். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்! மறுநாள் பாராலாச்சா கணவாயைத் தாண்டி, சாயங்காலம் சர்ச்சு.

சர்ச்சு ஊர் இல்லை. ஆற்றங்கரை மைதானத்தில் சில கூடாரங்கள். 4,290 மீட்டர். அப்போது செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை. பாரசூட் துணியில் கூடாரம் போட்டு தாபா நடத்தும் ஒரு லடாக்கி அம்மா ராஜ்மா சாதம் கொடுத்தார். இரண்டு வாய் இறங்கவில்லை. ராத்திரி முழுக்க தலைக்குள் யாரோ தவில் வாசித்தார்கள். காலையில் வாந்தி. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். டிக்கெட் ஸார், டிக்கெட்!

தாபா அம்மா குறுக்கே வந்து நின்றார். குச்சியால் மண்ணில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் நடந்து காட்டச் சொன்னார். என் ஹிந்தி 'பிராத்மிக்' பாஸ், 'மத்யமா' ஃபெயில். ஆனாலும் புரிந்தது. குதிகாலை முன்விரலில் ஒட்டி வைத்து நடந்தேன். மூன்றாவது அடியில் கோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குடிக்காமலே தள்ளாட்டம். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகுமாம்.

"நீச்சே ஜாவோ!" என்றார். கீழே போ!

போகலாம். ஆனால் சர்ச்சு ஒரு சட்டி மாதிரி. லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. வந்த பக்கம் திரும்பினால் கிட்டத்தட்ட 4,900 மீட்டர் பாராலாச்சா. கீழே இறங்கவே மேலே ஏற வேண்டும். சைக்கிளில் அது நடக்காத காரியம். முதல் தடவையாகப் பயம் வந்தது. வீட்டில் மகள் ஒன்றாம் வகுப்பு.

அம்மா ரோட்டில் நின்று கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தினார். லேயில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பஞ்சாப் லாரி. சர்தார்ஜி சைக்கிளைப் பின்னால் ஏற்றினார். என்னை முன்னால் ஏற்றினார். வழி நெடுக என்னைத் தூங்கவிடவில்லை. கண்ணை மூடினால் தோளில் ஒரு தட்டு. என் ஊர், ஜாதகம், சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டார். கேலாங் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நீட்டிய பணத்தை என் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

ஆக்ஸிஜன் மாஸ்க் எடுத்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"டிக்கெட் காசு போச்சு..." என்று இழுத்தேன்.

"போனது போகட்டும். அதைப் பிடிக்க நீங்களும் போகணுமா?"

பி.காமில் 'சங்க் காஸ்ட்' என்று ஒரு பாடம். கொட்டிய பணத்துக்காக அடுத்த முடிவைக் கெடுத்துக்கொள்ளாதே என்பார்கள். பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். பாடம் படிக்காதவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்!

ஐந்து நாள் ஓய்வு. டாக்டர் சரி என்ற பிறகு, ஆமை வேகத்தில் மறுபடி கிளம்பினேன். சர்ச்சுவில் தாபா அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. முதலில் கோடு போட்டார். நேராக நடந்தேன். அப்புறம்தான் டீ கொடுத்தார்.

அடுத்து கட்டா லூப்ஸ். 21 ஹேர்பின் வளைவுகள். அதில் ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்களாகக் குவிந்து கிடக்கும். பனியில் லாரி நின்றுபோய், நோயாளியான கிளீனரை விட்டுவிட்டு டிரைவர் உதவி தேடிப் போனாராம். திரும்பி வருவதற்குள் உயிர் போய்விட்டதாம். இன்னும் அவன் தண்ணீர் கேட்கிறான் என்று கதை. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு பாட்டிலை வைத்துவிட்டு, சர்தார்ஜி தட்டிய தோளைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

தங்லங் லாவை எட்டியபோது கைதட்ட யாருமில்லை. காற்றில் பிரார்த்தனைக் கொடிகள் மட்டும் படபடத்தன. இரண்டாம் நாள் லே.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் நண்பர் கேட்டார்: "மொத்த தூரமும் தனியாவா போனே?"

"சைக்கிள்ல தனியாத்தான் ஸார். லாரியிலதான் ரெண்டு பேர்!"