எழுத்து கோணலா இருந்தா இறங்கலாம்!

என் மாமனார் 32 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஸீட் காலியாக இருந்தாலும் உட்காராத ரகம். ரிட்டயரான மறுமாதமே இரண்டு முழங்காலும் கைகோத்துக்கொண்டு நஷ்ட ஈடு கேட்க ஆரம்பித்துவிட்டன. தைலம், பெல்ட், கேரளா எண்ணெய்... எதற்கும் மசியவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சினன் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். சிங்கப்பூர் - பினாங்கு - மறுபடி சிங்கப்பூர். மூன்று ராத்திரி. 'துணைக்கு' என்ற தலைப்பில் நானும் என் மனைவியும் செலவுக் கணக்கில் ஏறிக்கொண்டோம்.

கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டிய மாமனார், ஒரே ஒரு படத்தின்மீது விரலை வைத்தார். மேல் தளத்தில் வட்டமாக ஒரு தொட்டி. ஆவி பறக்கிற தண்ணீர். அதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கழுத்தளவு அமிழ்ந்து, உலகத்தில் கடனே இல்லாதவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, டான்ஸு, பாட்டு, கடை கண்ணி எல்லாத்தையும் நீங்க பாத்துக்குங்க. எனக்கு இது ஒண்ணு போதும்."

"ஹாட் டப் மாமா. ஜக்கூஸின்னும் சொல்வாங்க."

"பேரு என்னவா இருந்தா என்ன, வெந்நிதானே?"

வெந்நீர்தான். வில்லங்கமே அங்கேதான் சார்!

மாமனார் கேட்டதில் தப்பே இல்லை. ஜக்கூஸி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன சகோதரர்கள், பம்பு வியாபாரம் செய்தவர்கள். அவர்களில் ஒருவரான கேண்டிடோவின் மகனுக்குச் சின்ன வயதிலேயே மூட்டு நோய். பிள்ளைக்கு வீட்டுத் தொட்டியிலேயே தண்ணீர் சுழன்று ஒத்தடம் கொடுக்கட்டும் என்று அப்பா ஒரு பம்பு செய்தார். அதே குடும்பத்து ராய் ஜக்கூஸி 1968ல் பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கி விற்பனைக்கு விட்டார். ஆக, இது பணக்காரர்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததல்ல. மூட்டு வலிக்காகப் பிறந்தது. மாமனாருக்கு அதில் முழு பாத்தியதை உண்டு.

ஆனால், அடியேன் பி.காம். எதையும் இலவசம் என்று சொன்னால் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத் தேடும் வம்சம். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

நாலைந்து பேர் உட்காரும் ஹாட் டப்பில் சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். அதாவது நம் மொட்டை மாடி ஸின்டெக்ஸ் டாங்க் இரண்டு. அதில் ஐந்து பேர். தலைக்கு 400 லிட்டர். இப்போது 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3,75,000 லிட்டர். அதிலும் தலைக்கு 400 லிட்டர் என்று ஆளை இறக்கினால்... 937 பேர்! அந்தக் குளத்தில் நீங்கள் குளிப்பீர்களா? கரையில் நின்று வேடிக்கை பார்க்கக்கூட இடம் இருக்காது.

ஐந்து பேர் அம்சமாக உட்கார்ந்திருப்பதால் நமக்கு அது கூட்டமாகத் தெரிவதில்லை. வியர்வை, ஸன் டான் லோஷன், தலைக்குத் தடவிய எண்ணெய், இன்னபிற... எல்லாமாகச் சேர்ந்து தண்ணீரில் போட்ட குளோரினைத் தின்றுவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் குளோரின் இன்னும் சீக்கிரம் காலி. காலியான வீட்டுக்குக் குடி வருவது யார் என்பதுதான் அடுத்த கதை.

1976ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கம் மாநாடு நடத்தியது. கலைந்து வீட்டுக்குப் போனவர்கள் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார்கள். ஹோட்டலுக்கு வந்து போனவர்களையும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். காரணமான பாக்டீரியாவை 1977ல்தான் கண்டுபிடித்தார்கள். மாநாட்டுக்காரர்கள் பெயரையே வைத்து 'லீஜியோனெல்லா' என்றார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அதற்குப் பொங்கல், தீபாவளி. குடித்தால் வருகிற வியாதி இல்லை இது. தண்ணீர் தெறித்துப் பனிமாதிரி கிளம்புமே, அதை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக உட்காரும். ஹாட் டப்பின் வேலையே தண்ணீரைச் சூடாக்கி, காற்றை ஊதி, பனிமாதிரி கிளப்புவதுதான்!

கப்பலிலும் நடந்திருக்கிறது. 1994ல் நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்குப் போய் வந்த 'ஹொரைசன்' கப்பலில், அடுத்தடுத்து ஒன்பது பயணங்களில், 50 பேருக்கு இந்த நோய். ஒருவர் இறந்தார். துருவிப் பார்த்தால், ஹாட் டப் தண்ணீரை வடிகட்டும் மணல் ஃபில்டருக்குள் கிருமி ஜம்மென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தண்ணீரில் இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நோய் வரும் அபாயம் 64 சதவிகிதம் ஏறியதாக ஆராய்ச்சி செய்தவர்கள் கணக்கிட்டார்கள். தொட்டியில் இறங்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தவர்களையும் அது விடவில்லை.

யாரை அதிகம் பிடிக்கும்? 50 வயது தாண்டியவர்களை. சிகரெட் பிடிப்பவர்களை, பிடித்து விட்டவர்களை.

மாமனாருக்கு வயசு 68. ஆறு வருஷம் முன்னால்தான் சிகரெட்டை விட்டார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்று கேட்டிருக்கிறார். "அதில் கிருமி" என்று நான் ஆரம்பித்தால், 'மாப்பிள்ளைக்கு எதிலும் குற்றம்' என்று பட்டம் வரும். பேசாமல் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் பாக்கெட் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

மரீனா பே துறைமுகத்தில் ஏறினோம். கப்பல் நகர்வதே தெரியவில்லை. நகர்ந்தது ஊர்தான். சிங்கப்பூர் கட்டடங்கள் பின்வாங்க, கடல் முழுக்க நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள். இருட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றிலும் விளக்கு. கார்த்திகை தீபம் மாதிரி. அதைப் பார்க்கவே டிக்கெட் காசு சரியாகிவிட்டது. (காசு மச்சினனுடையது என்பதால் இன்னும் சரியாகிவிட்டது.)

மறுநாள் சாயங்காலம் மாமனார் அரை டிராயரும் துண்டுமாக ரெடி. மேல் தளத்தில் இரண்டு தொட்டிகள். முதலாவதில் ஆறு பேர், ரசத்தில் போட்ட வடை மாதிரி ஊறிக்கொண்டிருந்தார்கள். மேலே நுரை. ஓரத்தில் ஒரு பிளாஸ்டர் மிதந்ததை நான் பார்த்தேன், மாமனார் பார்க்கவில்லை.

"குளோரின் வாசனை தூக்குதே மாப்ளே. சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க."

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மூக்கைத் துளைக்கிற அந்த நெடி, குளோரின் வேலை செய்கிற வாசனை இல்லையாம். நம் வியர்வையோடும் இன்னபிறவற்றோடும் சேர்ந்து குளோரின் வேறு பொருளாக மாறிவிட்ட வாசனையாம். நல்ல ஹாட் டப்பில் அவ்வளவு நெடி இருக்காது.

சட்டென்று குனிந்து ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் நனைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என் மனைவியைப் பார்த்து, "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கப்பல் மூழ்கியிருக்கும்.

குளோரின் காட்ட வேண்டிய கட்டம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. ஹாட் டப்புக்குக் குறைந்தது 3 பி.பி.எம். இருக்க வேண்டும். இங்கே பூஜ்யம்!

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சிப்பந்தியைக் கேட்டேன். "நோ ப்ராப்ளம் சார், எவ்ரி ஹவர் செக்கிங்" என்று சிரித்தபடி ஒரு அட்டையை நீட்டினார். மணிக்கொரு தரம் அளவு எழுதிய லாக் ஷீட். காலை 8 மணி 4.0. 9 மணி 4.0. 10 மணி 4.0... முத்து முத்தான கையெழுத்து. ஒரே பேனா. கூட்டம் வந்தாலும் போனாலும் அசையாத 4.0.

எனக்கு சந்தேகம். ஆனால், தீர்ப்பு சொன்னது நான் இல்லை. மாமனார் அட்டையை வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"மாப்ளே, இப்ப மணி என்ன?"

"நாலே முக்கால் மாமா."

"தம்பி அஞ்சு மணி ரீடிங்கும் எழுதிட்டாரு, பாத்தீங்களா?"

பார்த்தேன். 5 மணி: 4.0. பக்கத்தில் கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது!

"32 வருஷம் ஓடற பஸ்ஸுல நின்னுக்கிட்டு இன்வாய்ஸ் எழுதினவன் நான். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நிஜமா எழுதினா எழுத்து கோணலாத்தான் இருக்கும். நம்பரும் ஏறி இறங்கும். டெப்போல உக்காந்து எழுதறவன் எழுத்துதான் இப்படி அழகா இருக்கும். வாங்க போகலாம்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டார் போலிருக்கிறது. ரிஸப்ஷனில் புகார் சொன்னோம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தபோது அந்தத் தொட்டிக்கு வலை போட்டு 'மெயின்டெனன்ஸ்' போர்டு தொங்கியது.

அன்றைக்கு ராத்திரிதான் ஃபிலடெல்ஃபியா கதை, பெர்முடா கதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செக்கிங் இன்ஸ்பெக்டரே கிடையாதா இதுக்கெல்லாம்?" என்றார்.

உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து போகும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களுக்கு அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு திட்டம் வைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஏறி மார்க் போடுவார்கள். நூற்றுக்கு 86 வாங்கினால் பாஸ். 85 என்றால் ஃபெயில். ஹாட் டப், சமையலறை, குடிதண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். மார்க்கை ஊரறிய வெளியிடுவார்கள். ஆனால், அமெரிக்கா பக்கமே தலைவைத்துப் படுக்காத கப்பலுக்கு அந்த செக்கிங் இல்லை.

"தனி ரூம் எடுத்து, பால்கனியிலேயே தொட்டி இருந்தா பிரச்னை இல்லையே?" என்று மனைவி கேட்டாள். அங்கேதான் வேடிக்கை! 2022 நவம்பரிலிருந்து 2024 நடுவரை இரண்டு கப்பல்களில் 12 பேருக்கு லீஜியோனெல்லா நோய் வந்தது. பெரும்பாலும் பால்கனியில் இருந்த தனி ஹாட் டப்புகள்தான் காரணம் என்று அதே மையம் 2024ல் அறிக்கை கொடுத்தது. பொதுத் தொட்டிக்கு இருந்த கெடுபிடி தனித் தொட்டிக்கு இல்லை. அதிகக் காசு கொடுத்தவருக்கு, கவனிப்பு குறைவான தண்ணீர்!

கடைசி நாள் காலை. பினாங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டாவது தொட்டியில் யாரும் இல்லை. சின்னப் பையன் ஒருவன் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்து கலந்து, கலரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அட்டையைக் கேட்டேன். 3.4. 5.1. முந்தின நாள் மத்தியானம் 2.6, பக்கத்தில் '40 நிமிஷம் மூடப்பட்டது' என்று குறிப்பு. பிறகு 4.2. ஒரு இடத்தில் அடித்துத் திருத்தல். எழுத்து கோழி கிளறின மாதிரி. என் ஸ்ட்ரிப்பும் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டது.

மாமனார் அட்டையைப் பார்த்தார். பையனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"எழுத்து கோணலா இருக்கு. நீங்க இறங்குங்க மாப்ளே."

"நீங்க மாமா?"

"68 வயசு, சிகரெட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான்." சொல்லிவிட்டு, தண்ணீர்த் தூவல் வராத பக்கமாக, காற்று அடிக்கும் திசை பார்த்து நாற்காலியைத் தூரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஷவரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கினேன். (அழுக்கைக் கொண்டுவருவது நாம்தானே? பாதிக் குற்றவாளி நாம்.) தலையை முக்கவில்லை. வாயில் தண்ணீர் படவிடவில்லை. கால் மணி நேரம். சுற்றிலும் கடல், நடுவில் இளஞ்சூட்டில் நான். பொய் சொல்லக் கூடாது சார், சொர்க்கம்!

அந்த சொர்க்கத்திலும் ஒரு உறுத்தல். நாற்காலியில் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார் அவர்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிக் குளித்து வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று வந்தால், டாக்டரிடம் 'ஹாட் டப்பில் இறங்கினேன்' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான சோதனை செய்வார். சரியான ஆன்டிபயாடிக் உண்டு. சொல்லாவிட்டால் 'வைரல் ஃபீவர்' என்று நாள் ஓடிவிடும். பத்தில் ஒருவரைக் கொண்டுபோகிற வியாதி அது.

அறைக்குத் திரும்பினால், என் மனைவி எலெக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாள். ஷாம்பெயின் குளிர வைக்கிற வாளியில் அதை ஊற்றி விளாவி, கப்பல்காரர்களின் பஞ்சு டவலை முக்கிப் பிழிந்து, அப்பாவின் முழங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி கண் சொருகி உட்கார்ந்திருந்தார். விளம்பரத்தில் பார்த்த தாத்தாவின் அதே சிரிப்பு.

"எப்படி இருக்கு மாமா?"

"பேஷா இருக்கு மாப்ளே. இதுக்கு லாக் ஷீட்டே வேணாம்!"