அப்புவின் ஒஸ்ரின்

ஊர்காவற்றுறைக்கு அண்மையில், கரம்பனில் உள்ள எங்கள் வளவின் மேற்கு மூலையில் கிடுகு வேய்ந்த மால் ஒன்று நின்றது. அதனுள் பதினேழு ஆண்டுகளாக அசையாது கிடந்தது அப்புவின் மோட்டார்க்கார். 2023ஆம் ஆண்டின் நீண்ட விடுமுறையில் அதனைத் துண்டுதுண்டாகக் கழற்றி விற்றோம். அவ்வேலையில் என் கைகளும் ஈடுபட்டிருந்தமையால் இதனை எழுதத் துணிகின்றேன். கலைப்பீட மாணவி ஒருத்திக்குப் பல்லிணைப்பெட்டியோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைப்பர், நகைத்துவிட்டுப் படிப்பாராக.

கார் ஒஸ்ரின் ஏ40 வகையைச் சேர்ந்தது. அதனுள்ளும் சமசெற் எனப்படுவது. பேர்மிங்காம் நகரின் அருகே லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை இவ்வகை உருவாக்கப்பட்டது. 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின், சுக்கானின் கீழே கியர்த்தடி, பக்கத்தூணிலிருந்து கைபோல வெளியே நீண்டு திருப்பத்தைக் காட்டும் கைகாட்டி, முன்மூடியின் மேல் பறக்கும் பாவனையில் ஆங்கில 'ஏ' எழுத்து. இவை அதன் அடையாளங்கள். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இரண்டே இருந்தன. 'ஸ்ரீ' எழுத்தும் அதன்மேல் பூசப்பட்ட தாரும் வடக்கின் தெருக்களைக் கலக்கிய 1950களின் பிற்பகுதிக்கு முன்னரே பதிவான வண்டி அது.

அப்பு அதனை 1968இல் மூன்றாம் கையாக வாங்கினார். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை வாடகைக்கு ஓட்டினார். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் உற்சவம் வந்துவிட்டால், யாழ்ப்பாணத்து அடியார்களை ஏற்றிக்கொண்டு பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைவரை நாள்தோறும் ஓட்டம். ஐவர் அமரும் காரில் எண்மர் செல்வது வழக்கமாம். ஒன்பதாமவராக ஒரு குழந்தையும் இருக்குமென்று ஆச்சி கூறுவாள்.

யாழ்ப்பாணத்தார் பழைய கார்களின்மேற் கொண்ட பற்றினைச் சிக்கனம் என்றும் பிடிவாதம் என்றும் பலர் கூறக் கேட்டிருக்கின்றேன். அது முழு உண்மையன்று. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னர் கதவு திறந்தது. எனினும் சில ஆண்டுகளில் போர் வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் ஆகியன வடக்கே செல்லலாகாப் பொருள்களாயின. ஆகவே ஒரு கார் ஓடுவதற்கு இன்னொரு கார் சாகவேண்டியிருந்தது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் இவ்வாறே ஒன்றின் உறுப்பால் ஒன்று உயிர்பிழைத்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது கார் திருத்தவேலைக்காக யாழ்ப்பாண நகரில் நின்றது. கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தமையாற் பண்ணை வழி அடைபட்டது. ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. ஆச்சி பிள்ளைகளுடன் வள்ளமேறி அக்கரை சேர்ந்தாள். வீட்டிலிருந்த யாவும் போயின. அக்கரையில் நின்ற கார் மட்டும் மிஞ்சியது. அடுத்த ஐந்தாண்டுகள் அக்குடும்பத்துக்குச் சோறிட்டது அந்தக் காரே. ஆயின் அது குடித்தது மண்ணெண்ணெய்.

இதன் நுட்பம் அறியத்தக்கது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிலிருந்து குழாய்வழியே காபரேற்றருக்குச் சிறிது பெற்றோல் கொடுத்து எஞ்சினை இயக்குவர்; சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இதனைத் தாங்கும். அவ்வகையில் முதுமை அவற்றுக்குத் தகுதியாயிற்று. ஆனாற் கேடும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே வழிந்து அடித்தொட்டியிலுள்ள எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், தாங்கிகள் தேயும். அப்பு அடிக்கடி ஒயிற்கோலை இழுத்து மோந்து பார்ப்பாராம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் பெயர்ந்தபோது, நடக்கமாட்டாத அயலவர் ஐவரை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்கு ஊர்ந்ததும் அந்த நீர்த்த ஒயிலோடுதான்.

2002இன் போர்நிறுத்தத்தின் பின் காரும் குடும்பமும் கரம்பனுக்கு மீண்டன. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது அப்பு அதனை மாலுக்குள் விட்டார். மீண்டும் எடுக்கவில்லை. இரண்டாண்டில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

விற்கும் எண்ணம் என்னால் எழுந்தது, அதனை மறைப்பதற்கில்லை. 2022இன் நெருக்கடியில் அப்பாவின் வருமானம் பாதிக்குங் கீழாய்ச் சுருங்கிற்று. என் விடுதிச் செலவுக்கே வழி தேடவேண்டியிருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, முழுதையும் நிறைக்கணக்கில் எடுப்பதாகச் சொன்னார். அவர் முதலில் எட்டிப்பார்த்தது றேடியேற்றரை. செம்பும் பித்தளையும் சேர்ந்த அப்பொருளுக்கும் இரும்பின் விலையே கூறினார். வேலணையிலிருந்து வந்த முதிய மெக்கானிக் ஐயா, அப்புவின் பழைய தோழர், அவரைத் திருப்பி அனுப்பினார். "அக்கா, இதைக் கிலோக் கணக்கிலை குடுக்காதேங்கோ. கழட்டிக் குடுத்தால் நாலு மடங்கு வரும்" என்றார். பின்னர் என்னைப் பார்த்து, "பிள்ளை, கை அழுக்குப் படுமெண்டால் இப்பவே சொல்லு" என்றார்.

பத்தொன்பது நாள் வேலை. என்னிடமிருந்த மில்லிமீற்றர்ச் சாவிகள் ஒன்றும் பொருந்தவில்லை. அங்குல அளவுச் சாவிகளை ஐயாவே கொண்டுவந்தார். எங்கள் தீவில் உப்புக்காற்று எவ்விரும்பையும் விடாது. கதவுகளின் கீழ்ப்பாதி தொட்டவுடன் கறட்பொடியாய் உதிர்ந்தது. தரைத்தகட்டின் ஊடே மண் தெரிந்தது. மரைகள் அசைய மறுத்தன. அவற்றின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டோம். அதற்கும் இணங்காதவற்றை நெருப்பாற் சூடாக்கினோம். ஒரு மரைக்காக நாங்கள் ஒரு முற்பகல் முழுவதும் உழைத்ததுண்டு. உடைத்துவிடலாமே என்றேன். "உடைச்சால் அது இரும்பு. கழட்டினால் அது சாமான்" என்றார் ஐயா.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது; பிஸ்ரன்கள் நகரவில்லை. ஆனால் ஒயிலில் ஊறிக் கிடந்தவை நலமாயிருந்தன. பல்லிணைப்பெட்டியைத் திறந்தபோது பற்கள் நேற்றுச் செய்தனபோல் மின்னின. பின் அச்சிலுள்ள டிபறென்சலும் அவ்வாறே. டைனமோவும் ஸ்ராட்டரும் துடைத்தபின் சுழன்றன. அவற்றை வாங்கியவர் சாவகச்சேரிக்காரர். திருமணங்களுக்கு அலங்காரக் கார் விடுபவர். இக்கார்களிற் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படும் என்பதை மறந்து இளைய மின்வேலைக்காரர் மாறி இணைத்து எரித்துவிடுகின்றனர் என்று அவர் நொந்துகொண்டார். முன்மூடியின் 'ஏ' எழுத்தையும் கைகாட்டிகள் இரண்டையும் கொழும்பிலிருந்து வந்த பழங்கார் ஆர்வலர் ஒருவர் எடுத்தார். பேரம் பேசவேயில்லை, அதனால் நாங்கள் குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று இரவு முழுதும் எனக்கு உறக்கமில்லை. வில்லுத்தகடுகளை ஊர்க் கொல்லர் கேட்டு வாங்கினார். நல்ல உருக்கு, கத்தியாகும்.

இவ்வாறு இருக்கையில் ஒருநாள் மாலை, அறிமுகமில்லாத இருவர் வந்தனர். அவர்கள் எதையுங் கழற்றச் சொல்லவில்லை. காரின் பதிவுப் புத்தகமும், அடிச்சட்டத்தில் இலக்கம் பொறித்த துண்டும் போதும் என்றனர். அவர்கள் சொன்ன தொகை, அதுவரை விற்ற உறுப்புகள் அனைத்தின் விலையிலும் கூடியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025 வரை அது நீடித்தது. ஆகவே வண்டியிலும் அதன் கடதாசி விலையுயர்ந்திருந்த காலம் அது. எங்கள் இலக்கம் எங்கோ ஒட்டுப்போட்ட இன்னொரு வண்டியில் ஏறும் என்பது எனக்கு விளங்காமலில்லை. விளங்கியும் கொடுத்துவிடலாம் என்றே சொன்னேன். என் எஞ்சிய இரண்டாண்டுப் படிப்பும் அத்தொகைக்குள் அடங்கும். ஐயா ஒன்றும் பேசாது சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆச்சி புத்தகத்தை எடுத்துவந்தாள். கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதனை விரித்து அப்புவின் பெயர் எழுதிய இடத்தைக் காட்டி, "அந்தக் கார் ஆரையேன் இடிச்சால், பொலிசு ஆற்றை பேரைக் கேட்டுக்கொண்டு இஞ்சை வரும்?" என்றாள். வந்தவர்கள் சிரித்தனர். இறந்தவரை எவர் தேடுவர் என்றார் ஒருவர். அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்தது. ஆச்சி புத்தகத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் நான் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சினமும் வெட்கமும் கலந்திருந்தன. எது மிகுதி என்று இன்றுந் தெரியவில்லை. மூன்றாம் நாள் இலக்கம் பொறித்த துண்டை ஐயா அரத்தால் அராவி, எழுத்துத் தெரியாதவாறு செய்து இரும்புக் குவியலில் எறிந்தார். பதிவை நீக்குவதற்கு அப்புவின் மரணச் சான்றிதழ் முதலாகப் பல கடதாசிகள் வேண்டியிருந்தன. அவ்வலைச்சல் என் பங்காயிற்று.

உறுப்புகள் விற்ற பணம் ஓராண்டு விடுதிச் செலவுக்குப் போதுமாயிற்று. மற்ற ஆண்டுக்கு மாமா ஒருவரிடம் கடன்பட்டோம்; இன்னுங் கொடுத்து முடியவில்லை. எஞ்சிய உடற்தகடுகளை முதலில் வந்த அதே பழைய இரும்புக்காரர்தான் நிறுத்து எடுத்தார். மால் நின்ற நிலத்தில் ஒயில் ஊறிய கரிய வட்டம் ஒன்று உண்டு, புல் முளைப்பதில்லை. ஆச்சி அவ்விடத்தில் ஆடு கட்டுகின்றாள்.