நிழல் இல்லாத நண்பகல்

இளவேனிற் காலத்தில் சிறுவர்கள் செய்து பார்க்கத்தக்க எளிய சோதனைகளைத் தொகுத்துக் கூறும் மேனாட்டு நூல் ஒன்று பல ஆண்டுகளாக நமது வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. உறைபனி உருகுவதை அளந்து பார். இலையுதிர்ந்த மரத்தில் முதல் தளிர் தோன்றும் நாளைக் குறித்து வை என்றெல்லாம் அது சொல்லும். நல்ல நூல்தான். ஆயினும், ஆண்டு முழுவதும் தேயிலை தளிர்க்கும் ஹந்தானை மலைச் சாரலில் வாழும் ஒரு பிள்ளை உருகும் பனிக்கு எங்கே போகும்?

இளவேனில் நமக்கும் உண்டு. சித்திரை நெருங்கும்போது, சிங்கள மக்கள் எரபது என்று அழைக்கும் முள்முருக்கு செக்கச் செவேலெனப் பூக்கின்றது, குயில் கூவுகின்றது. இவ்விரண்டையும் அவர்கள் புத்தாண்டின் தூதுவராகவே கொள்வர். காலையில் தெளிந்த வெயில். பிற்பகலில் மலைமீது கருமேகம் திரண்டு இடியுடன் மழை. இந்த வெயிலும் மழையுமே நமது பிள்ளைகளுக்கு உரிய ஆய்வுகூடம். இதனை நாம் ஒரு சிறுமியிடம் கற்றுக்கொண்டோம் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம்.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் பொருட்கள் தட்டுப்பட்டு, மின்சாரமும் மணிக்கணக்காகத் தடைப்பட்டிருந்த காலம். அயலிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் சிலரைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். "நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கின்றது. ஆகவே நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும்" என்றோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து வெளியே போனாள். ஒரு மீற்றர் நீளக் குச்சியை முற்றத்தில் செங்குத்தாக நாட்டிவிட்டுக் காத்திருந்தாள். பன்னிரண்டேகால் மணியளவில், "சேர், நிழல் போகவில்லையே!" என்று அழைத்தாள். சென்று பார்த்தோம். குச்சியின் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கிடந்தது.

நாம் நாணினோம். எத்தனையோ ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. ஒரு நாளாவது வெளியே வந்து பார்த்தோமா? பாடத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று அந்தப் பிள்ளை தடுமாறி நின்றிருந்தால், பிழை அவளுடையதாகுமா?

"நாள்தோறும் அளந்து வா, என்ன நிகழ்கிறதென்று நாமும் அறிவோம்" என்றோம். கொப்பிக்குத் தட்டுப்பாடு, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினாள். பாடசாலை நாட்களில் நண்பகல் நிழலைக் குறிக்கும் பொறுப்பை அவளுடைய அப்பாயி ஏற்றுக்கொண்டார். எழுத்தறியாத அம்மூதாட்டி, நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுவார். மாலையில் பேத்தி அளந்து எழுதுவாள். கற்கள் ஒவ்வொன்றாகக் குச்சியை நெருங்கி வந்தன. ஏப்ரல் 8ஆந் திகதி கல் வைக்க இடமில்லை. "நாற்பது வருடம் இந்த வெயிலில் நின்று கொழுந்து பறித்தேன். என் நிழல் எங்கே போகிறது, எப்போது வருகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லையே" என்று அப்பாயி சொன்னாராம். அதற்குப் பின்னர் நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கியது.

இதன் காரணம் எளிது. மார்ச் 20 அளவில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கின்றது. பின்னர் நாள்தோறும் சிறிது வடக்கே நகர்கின்றது. கண்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருப்பதால், ஏப்ரல் 8 அளவில் நமது தலைக்கு நேரே வருகின்றது. தெற்கே திரும்பும் வழியில், செப்டெம்பர் முதல் வாரத்தில் மீண்டும் ஒருமுறை. ஆண்டில் இவ்விரு வேளைகளில் மாத்திரமே நமக்கு நிழலில்லாத நண்பகல். அன்று மேகம் மறைத்தால் கவலை வேண்டாம். முந்திய நாளிலோ மறுநாளிலோ ஒரு மீற்றர்க் குச்சியின் நிழல் ஒரு சென்ரிமீற்றரையும் எட்டாது. சூரியனை மட்டும் நேராகப் பார்க்கலாகாது, நிழலே போதும்.

யாழ்ப்பாணத்தில் உறவினர் இருப்பின் இன்னும் ஒன்று செய்யலாம். கண்டியில் நிழல் மறையும் அதே நண்பகலில் அங்கும் ஒரு மீற்றர்க் குச்சியை நாட்டி அளக்கச் சொல்லுங்கள். நிழல் சுமார் 4 சென்ரிமீற்றர் இருக்கும். இதனைக் கோணமாக்கினால் ஏறத்தாழ 2.4 பாகை, அதாவது முழு வட்டத்தின் 150இல் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடையே வடக்குத் தெற்காகவுள்ள தூரம் சுமார் 260 கிலோமீற்றர். 150ஆற் பெருக்கினால் 39,000 கிலோமீற்றர் வருகின்றது. பூமியின் சுற்றளவோ ஏறத்தாழ 40,000. ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்திலே எரட்டோஸ்தெனீஸ் என்னும் கிரேக்க அறிஞர் இரு நகரங்களின் நண்பகல் நிழலைக்கொண்டு பூமியை அளந்ததும் இம்முறையாலேயே.

வெயிலைப் பார்த்தோம், இனி மழை. பக்கங்கள் நேராகவுள்ள வெற்றுத் தகரப்பேணி ஒன்றும் அடிமட்டமும் போதும். கூரைக்கும் மரத்துக்கும் விலகிய வெளியில் பேணியை வைத்து, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் நீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுத வேண்டும். அளந்ததும் நீரைக் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். இருபது மில்லிமீற்றர் பெய்தால், பத்துச் சதுர மீற்றர்க் கூரையில் இருநூறு லீற்றர் விழுகின்றது. வீட்டுக் கூரையை அளந்து பிள்ளைகளே கணக்கிடட்டும். இடி முழங்கும் வேளையில் மட்டும் பேணியை மறந்து வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இது வெறும் விளையாட்டன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் கண்டி மாவட்டத்திலே பல இடங்களில் மண் சரிந்து எத்தனையோ உயிர்கள் மாண்டன. சரிவான மலைப்பகுதிகளில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது மண்சரிவு எச்சரிக்கையில் கையாளப்படும் அளவு. மழையை அளக்கப் பழகிய பிள்ளைக்கு அந்த எண் வெறும் எண்ணாக இராது.

பெற்றோர்களே, இச்சோதனைகளுக்குக் காசு வேண்டியதில்லை. வேண்டுவது ஒரு குச்சி, ஒரு பேணி, ஒரு பழைய தாள். விடை முன்கூட்டித் தெரிந்தவர்போல நாம் முந்திக்கொள்ளாமல் இருப்பதும் வேண்டும். "நீ பார்த்துச் சொல்; நானும் பார்க்கிறேன்" என்று சொல்லி அப்பாயிபோல ஒரு கல்லை எடுத்து வைத்தால் போதும்.